கைடு ஒத்துவரவில்லை என்று பிள்ளை சொன்னால்: பாலக்காட்டு எல்லைப் பெற்றோருக்கு

"இனி இந்த கைடிடம் என்னால் முடியாது, விட்டுவிட்டு வந்துவிடுகிறேன்" என்று பிஎச்.டி. படிக்கும் மகளோ மகனோ ராத்திரி போன் செய்தால், கொழிஞ்சாம்பாறையிலோ வேலந்தாவளத்திலோ இருக்கும் அப்பா அம்மாவுக்கு உடனே தோன்றுவது இரண்டுதான். ஒன்று, "பல்லைக் கடித்துக்கொண்டு இரு" என்பது. மற்றது, விடிந்ததும் பஸ் ஏறிப்போய் கைடாக, அதாவது ஆய்வு வழிகாட்டியாக, இருக்கும் அந்தப் பேராசிரியரிடமே பேசிவிடுவது. இரண்டுமே வேண்டாம். பல்லைக் கடிப்பதில் மாதங்கள் கரையும். ஆராய்ச்சிப் படிப்பில் மாதம் என்பது உதவித்தொகையும் பதிவுக் காலமும் சேர்ந்தது. பெற்றோர் நேரில் போய் நின்றாலோ, துறையில் பிள்ளை சின்னக் குழந்தை ஆகிவிடுவாள். அதன்பிறகு அவள் எழுதித் தரும் எந்தக் கடிதத்துக்கும் பாதி மதிப்புதான்.

முதலில் அவளிடம் ஒன்று கேளுங்கள்: கடைசி மூன்று முறை கைடைப் பார்த்து வந்த பிறகு வேலை நகர்ந்ததா? கத்தினார், எல்லோர் முன்னாலும் திட்டினார், ஆனால் அத்தியாயம் முழுக்கச் சிவப்பு மையால் திருத்தித் தந்தார் என்றால் அவர் கடுமையானவர். அவரிடம் படித்து முடிக்கலாம், வலிக்கும். இனிமையாகப் பேசுகிறார், ஆனால் கொடுத்த அத்தியாயம் மூன்று மாதமாக மேசையில் கிடக்கிறது, கூட்டத்துக்குக் கூட்டம் தலைப்பை மாற்றச் சொல்கிறார் என்றால், பிள்ளைக்கு அதிகம் கெடுதல் செய்பவர் இவர்தான். நல்ல மனிதராயிற்றே என்று யாரும் முறையிடுவதில்லை, அப்படியே வருஷம் ஓடிவிடும். மூன்றாவது வகை, பிள்ளையின் உழைப்பைத் தன் வேலைக்கு எடுத்துக்கொள்பவர். இவருக்கான வழி வேறு.

எது நியாயமான வேலை, எது இல்லை என்பதில் பலருக்குக் குழப்பம். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழுவின்) 2022 பிஎச்.டி. விதிமுறைப்படி, ஆய்வு மாணவருக்கு வாரத்தில் 4 முதல் 6 மணி நேரம் வரை கற்பித்தல், லேப் வகுப்பு, மதிப்பீடு போன்ற உதவிப் பணிகளைத் தரலாம். ஆகவே இளங்கலை மாணவருக்கு லேப் எடுக்கச் சொன்னால் அது சுரண்டல் இல்லை, ஆசிரியர் வேலைக்கு அதுவே பயிற்சி. வாரம் முழுக்க கைடின் வகுப்புகளை எடுப்பது, அவர் வீட்டுக்குச் சாமான் வாங்கிப் போடுவது, அவர் பிள்ளைக்கு ட்யூஷன் சொல்லித்தருவது எந்த விதியிலும் இல்லை. முகத்தில் அடித்தாற்போல் மறுக்கவும் வேண்டாம். "சார், வெள்ளிக்கிழமைக்குள் இந்த ரீடிங் முடிக்கணும், அது முடிந்து செய்யட்டுமா?" என்று வேலையை முன்னால் வைத்துச் சொல்லப் பழக வேண்டும். நாலைந்து முறை இப்படிச் சொன்னால் பெரும்பாலும் கேட்பது குறையும்.

லீவிலும் தகராறு வரும். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு தேறி, ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்குபவருக்கு, அரசு விடுமுறை போக, கைடின் ஒப்புதலோடு வருஷத்துக்கு 30 நாள் லீவு உண்டு. கோடை விடுமுறை கிடையாது. மே மாதம் கல்லூரி மூடினாலும் அவள் லேபில் இருக்க வேண்டும். பொங்கலுக்குக் கேரளத்தில் விடுமுறை தருவது திருவனந்தபுரம், கொல்லம், பத்தனம்திட்டை, இடுக்கி, பாலக்காடு, வயநாடு என்ற 6 மாவட்டங்களில்தான். கோழிக்கோடு பல்கலைக்கழகம் இருக்கும் தேஞ்ஞிப்பலம் மலப்புறம் மாவட்டம், அந்தப் பட்டியலில் இல்லை. தமிழர் என்பதால் பொங்கலுக்கு விடவில்லை என்று வருந்துவதற்குமுன், டிசம்பர் கடைசியிலேயே லீவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாளா என்று கேளுங்கள்.

மொழிச் சங்கடமும் உண்டு, அதைச் சின்ன விஷயமாக நினைக்கக் கூடாது. எல்லைப் பள்ளிகளில் பிளஸ் டூ வரை தமிழில் படித்த பிள்ளைக்குக் கடைவீதி மலையாளம் சரளமாக வரும். ஆனால் லேப் கூட்டத்தில் வேகமாகப் பேசும் மலையாளமும் நடுவே வரும் ஆங்கிலமும் பிடிபடாமல் வாய்மூடி உட்கார்ந்திருப்பாள். கைடு அதை அக்கறையின்மை என்று எடுத்துக்கொள்வார். இதற்கு மருந்து, கூட்டம் முடிந்த அன்றே அனுப்பும் ஒரு மெயில்.

அந்த மெயில்தான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான கருவி. கைடைப் பார்த்துவிட்டு வந்த அன்று மாலைக்குள், பல்கலைக்கழக மெயில் ஐடியிலிருந்து ஆங்கிலத்தில் ஐந்தே வரி: "இன்று பேசியதில் நான் புரிந்துகொண்டது: 1) மூன்றாம் அத்தியாயத்தில் மாதிரி அளவை 120இலிருந்து 150 ஆக உயர்த்த வேண்டும். 2) தலைப்பில் மாற்றம் இல்லை. 3) திருத்திய பிரதியை 20ஆம் தேதி தருகிறேன். தவறாகப் புரிந்திருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். நன்றி." குறை சொல்லும் வார்த்தை ஒன்றுகூட அதில் இருக்கக் கூடாது. அவர் பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை, தேதி பதிவாகிவிடும். வாட்ஸ்அப்பில் வரும் உத்தரவையும் இப்படி மெயிலுக்கு மாற்றிவிட வேண்டும். போன் தொலைந்தால் வாட்ஸ்அப் போச்சு. கைடு மறதிக்காரர் என்றால் இந்த மெயில் அவருக்கும் உதவி. தலைப்பை நாலாவது முறை மாற்றச் சொல்பவர், முந்தைய மூன்று மெயிலையும் பார்த்தால் கொஞ்சம் யோசிப்பார்.

அடுத்தது கமிட்டி. யுஜிசி விதியில் இதற்கு ரிசர்ச் அட்வைசரி கமிட்டி (ஆய்வு ஆலோசனைக் குழு) என்று பெயர், பல இடங்களில் டி.சி. (டாக்டரல் கமிட்டி) என்பார்கள். ஒவ்வொரு செமஸ்டரும் மாணவர் அதன்முன் வேலையைச் சமர்ப்பித்தாக வேண்டும். கைடே அதன் கன்வீனர் (கூட்டுநர்), அதனால் அங்கே கைடைப் பற்றிப் புகார் சொன்னால் காரியம் கெடும். தகவலை மட்டும் சொல்ல வேண்டும்: "இரண்டாம் அத்தியாயத்தை ஜூன் 10 அன்று கொடுத்தேன். கருத்துகளுக்குக் காத்திருக்கிறேன்." ஸ்லைடில் இந்த ஒரு வரி இருந்தால், மற்ற உறுப்பினர் யாராவது "எப்போ பார்த்துத் தருவீங்க?" என்று கேட்பார். அந்தக் கூட்டக் குறிப்பில் கையெழுத்தான நகல் ஒன்று பிள்ளையிடம் இருக்க வேண்டும். பதிவை ரத்து செய்யும் பரிந்துரையும் இதே கமிட்டி வழியாகத்தான் போக வேண்டும். முன்னேற்றம் போதாது என்றால் காரணத்தை எழுதி, திருத்த வழியும் சொல்ல வேண்டும். "திருப்தி" என்று நாலு செமஸ்டர் எழுதியிருந்தால், ஐந்தாவதில் கோபத்தில் பதிவை ரத்து செய்துவிடுவது அவ்வளவு சுலபமில்லை. கூட்டமே நடக்கவில்லை என்றால், நடத்தக் கேட்டுத் துறைத் தலைவருக்குக் கடிதம் கொடுக்க வேண்டும்.

காலக் கணக்கையும் வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருங்கள். பிஎச்.டி.க்குக் குறைந்தது 3 வருஷம், அதிகபட்சம் 6. மறுபதிவு செய்தால் மேலும் 2, ஆக 8. பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் இன்னும் 2 சேர்ந்து 10 வரை போகலாம். பிரசவத்துக்கும் குழந்தை வளர்ப்புக்கும் மொத்தப் படிப்புக் காலத்தில் 240 நாள் லீவு உண்டு. ஆனால் ஜே.ஆர்.எஃப். பணம் 5 வருஷம்தான்: முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், பிறகு எஸ்.ஆர்.எஃப். (அடுத்த நிலை உதவித்தொகை) ஆனதும் 42,000, இதோடு வீட்டு வாடகைப் படி. பதிவுக்கு நாள் இருக்கும், கையில் காசு இருக்காது. தாமதிக்கும் கைடு விஷயத்தில் மூன்றாம் வருஷத்துக்குள் முடிவெடுக்கச் சொல்வது இதனால்தான்.

கைடை மாற்றலாமா? மாற்றலாம், ஆனால் வரிசை தவறக் கூடாது. முதலில் புதியவர் ஒருவர் சம்மதிக்க வேண்டும், அவரிடம் இடமும் இருக்க வேண்டும். பேராசிரியர் 8 பேர், இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 பேருக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. ஓய்வு பெற 3 வருஷத்துக்குள் இருப்பவர் புதிதாக யாரையும் எடுக்கக் கூடாது. இரண்டையும் விசாரித்து, சம்மதத்தை எழுத்தில் வாங்கிய பிறகுதான் துறைத் தலைவரிடம் பேச வேண்டும். அதன்பின் பழைய கைடிடம் என்.ஓ.சி. (ஆட்சேபமில்லைச் சான்று) கேட்க வேண்டும். பலரும் சண்டை போட்டுவிட்டு வந்து, பிறகு புது கைடைத் தேடுகிறார்கள். அதற்குள் துறை முழுக்கச் செய்தி பரவி, யாரும் எடுக்கத் தயங்குவார்கள். விண்ணப்பத்தில் "ஆய்வுப் பகுதி மாறுகிறது" என்பது போன்ற காரணம் உண்மையாகப் பொருந்தினால் அதை எழுதுவது நல்லது. என்.ஓ.சி. தர மறுத்தால், மெயில்களையும் கமிட்டிக் குறிப்பையும் இணைத்து துறைத் தலைவர் வழியாக மேலே அனுப்பலாம்.

மூன்று வருஷம் தாண்டிவிட்டால் மாற்றுவதைவிட, இணை வழிகாட்டியாக இன்னொருவரைச் சேர்ப்பதே மேல். பழையவரின் கௌரவம் குறையாது, அத்தியாயத்தைப் படிக்க ஒரு ஆள் கிடைப்பார். மாற்றினால் தலைப்பு மாறும், கைடின் ப்ராஜெக்ட் நிதியில் எடுத்த தரவைக் கொண்டுபோக முடியாமல் போகலாம், ஒன்றரை வருஷ வேலை பின்தங்கும்.

கோவைக்கோ திருப்பூருக்கோ பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. கல்யாணத்தால் இடம் மாறும் பெண், ஆய்வுத் தரவோடு வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ள விதி இடம் தருகிறது. பழைய நிறுவனத்துக்கோ கைடுக்கோ வெளியிலிருந்து நிதி வந்த ப்ராஜெக்டாக அந்த ஆய்வு இருக்கக் கூடாது, அவர்களுக்கு உரிய பெயரும் தர வேண்டும். கல்யாணத் தேதி குறித்த உடனே இதைத் தொடங்குங்கள்.

இன்னொரு பொறி: "ப்ராஜெக்ட்டில் சேரு, பிஎச்.டி. ரெஜிஸ்ட்ரேஷன் அப்புறம் பார்த்துக்கலாம்" என்ற வாய்மொழி. பெரும்பாலான ப்ராஜெக்ட்கள் 3 வருஷத்தில் முடியும். பதிவு இல்லாமல் அங்கே உழைத்த காலம் பிஎச்.டி. கணக்கில் சேராது. பல்கலைக்கழகத்தின் பதிவு உத்தரவு கையில் வரும்வரை அவள் ஊழியர்தான், ஆராய்ச்சி மாணவி இல்லை.

புகார் கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், யுஜிசியின் 2023 விதிமுறைப்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் மாணவர் குறைதீர்க்கும் குழு இருக்க வேண்டும். புகார் கிடைத்து 15 வேலை நாளுக்குள் அது அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால், முடிவு கையில் கிடைத்த 15 நாளுக்குள் ஆம்புட்ஸ்பர்சன் என்ற குறைகேட்பு அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். அந்த 15 நாளைத் தவறவிடுபவர்கள் பலர். சித்தூர் தாலுகாவில் அரசு அலுவலகத்துக்குத் தமிழில் மனு கொடுக்க நமக்கு உரிமை உண்டு, ஆனால் இந்தப் புகாரை ஆங்கிலத்தில் ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: தேதி, நடந்தது, ஆதாரம், என்ன செய்து தர வேண்டும். "மனவேதனை" என்று பத்தி பத்தியாக எழுதினால் படிப்பவர் கடைசி வரிக்கு வரமாட்டார்.

பாலியல் தொந்தரவு என்றால் இந்த வழி இல்லை. நேராக, பாலியல் புகார்களை விசாரிக்கும் இன்டர்னல் கமிட்டிக்கு, நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் கமிட்டி இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். தீசிஸ் முடியட்டும் என்று தள்ளிப்போடச் சொல்லாதீர்கள். சாதி சொல்லி இழிவுபடுத்தினால் பல்கலைக்கழகத்திலுள்ள எஸ்.சி./எஸ்.டி. செல் என்ற பிரிவுக்குப் போகலாம். இந்த இரண்டிலும், பிள்ளை தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் "இருந்து என்ன பயன்" என்று பேசும்போதும், பெற்றோர் உடனே போய்ப் பக்கத்தில் இருக்க வேண்டும். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் 14416 எண்ணில் 24 மணி நேரமும், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.

எல்லாம் பார்த்த பிறகும் விட்டு வருவதுதான் சரி என்றால், அதில் அவமானம் எதுவும் இல்லை. ஆனால் 2022 விதியோடு எம்ஃபில் என்ற முந்தைய ஆய்வுப் பட்டம் நின்றுவிட்டது. பாதியில் வந்தால் நடுவில் வாங்கிக்கொள்ளப் பட்டம் கிடையாது. ஆகவே கோபத்தில் போன் செய்து "வரவில்லை" என்று சொல்லிவிடாமல், கோர்ஸ் வொர்க் (ஆரம்பப் பாடங்கள்) சான்றிதழ், உதவித்தொகைக் கணக்கு முடித்த கடிதம், ரிலீவிங் உத்தரவு, ஒரிஜினல் சான்றிதழ்கள் எல்லாம் கைக்கு வந்தபின் வெளியேற வேண்டும். நெட் தேறியிருந்தால் உதவிப் பேராசிரியர் பணிக்கு அதுவே தகுதி. கேரள அரசுக் கல்லூரிகளில் கெஸ்ட் லெக்சரர் ஆக, கல்லூரிக் கல்வி துணை இயக்குநர் அலுவலகத்தில் பெயர் பதிந்திருக்க வேண்டும். பாலக்காட்டுக்காரர்களுக்கு அது திருச்சூர் அலுவலகம். நேர்காணல் அறிவிப்பு கோடையிலேயே வரத் தொடங்கிவிடும், பதிவை அதற்கு முன்பே முடித்துவையுங்கள்.