கம்போடியாவின் அங்கோர் வாட் கோயிலைப் பார்க்க ஒரு நாள் போதுமா? இவ்வளவு கூட்டத்தை அந்தக் கோயில் தாங்குகிறதா?

போதாது. ஒரு நாள் சீட்டு 37 டாலர், மூன்று நாள் சீட்டு 62 டாலர், 2017 முதல் இதுதான் விலை. கேட்டால் நமக்கு மலைப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் மூன்று நாள் சீட்டையே வாங்குங்கள், அடுத்தடுத்த நாட்களாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை, பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளும் போகலாம். ஒவ்வொரு சீட்டிலும் 2 டாலர் அங்குள்ள காந்தா போபா குழந்தைகள் மருத்துவமனைகளுக்குப் போகிறது. சீட்டில் உங்கள் படம் இருக்கும், இன்னொருவர் பயன்படுத்த முடியாது, அதனால் பாதி விலைக்குத் தருகிறேன் என்று யாராவது வந்தால் நகர்ந்துவிடுங்கள்.

கூட்டம் என்று எல்லோரும் சொல்வது பெரும்பாலும் ஒரு நாள் சீட்டுக்காரர்களால் வருவது. அங்கோர் வாட்டும் மற்றக் கோயில்களும் சேர்ந்த அங்கோர் வளாகம் சுமார் 400 சதுர கிலோமீட்டர். அதில் எல்லோரும் ஒரே வரிசையில் ஓடுகிறார்கள்: விடியலுக்கு அங்கோர் வாட் குளக்கரை, அப்புறம் பாயோன், தா புரோம் கோயில்கள், மாலையில் பாக்கெங் குன்று. குளக்கரையில் கைப்பேசிகளுக்கு நடுவே கோபுரத்தைத் தேட வேண்டியிருக்கும். ஆனால் சூரியன் மேலே வந்ததும் பாதிப் பேர் காலைச் சாப்பாட்டுக்கு விடுதிக்குத் திரும்பிவிடுகிறார்கள், அந்த நேரத்தில் நேராக உள்ளே போய்விடுங்கள். கிழக்குச் சுற்றில் பாற்கடல் கடையும் காட்சி கிட்டத்தட்ட 49 மீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது, வாசுகியை இழுக்கும் அசுரர்கள் ஒரு பக்கம், தேவர்கள் மறு பக்கம், நடுவில் திருமால். இந்தக் கதையைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்த நமக்கு அங்கே யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை. நான் போனபோது அந்தச் சுற்றில் ஆள் நடமாட்டமே இல்லை, அதை இப்போது நினைத்தாலும் மனம் நிறைகிறது. கோயில் மேற்கு பார்த்தது என்பதால் முகப்பைப் பார்க்க மாலை வெயில்தான் சரி.

நிர்வாகம் அப்சரா என்ற அரசு அமைப்பிடம் இருக்கிறது, 1995-இல் தொடங்கியது. அவர்கள் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது ஆள் எண்ணிக்கைக்கு வைத்த வரம்பு. மேல்தளமான பாக்கானில் ஒரு நேரத்தில் 100 பேர், பாக்கெங் குன்றின் மேலே 300 பேர், அவ்வளவுதான். காத்திருக்க எரிச்சலாக இருக்கும், ஆனால் மணற்கல் படிகள் தேய்ந்தால் தேய்ந்ததுதான், அதனால்தான் செங்குத்தான படிகளின் மேல் மரப்படி போட்டிருக்கிறார்கள். பாக்கானுக்குப் போக தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், துப்பட்டாவைப் போர்த்திச் சமாளிக்க நினைக்காதீர்கள். பௌத்த விரத நாட்களில் மேல்தளம் மூடியிருக்கும், நம் காலண்டரில் அமாவாசை, பௌர்ணமி, அஷ்டமி பார்த்தாலே ஏறக்குறைய தெரிந்துவிடும், ஒரு நாள் முன்பின் ஆகலாம். அது இன்றும் வழிபாடு நடக்கிற இடம். மேற்கு வாசலில் எட்டுக் கைகளோடு நிற்கும் திருமாலை தா ரீச் என்ற பெயரில் ஊர்க்காரர்கள் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுகிறார்கள், படம் எடுக்கும் முன் அவர்கள் கும்பிட்டு முடிக்கட்டும்.

தாங்குகிறதா என்ற கேள்விக்கு, கால்களைவிட நிலத்தடி நீர்தான் என்னைக் கவலைப்படுத்துகிறது. கோயில் நிற்பது மணல் மேல். அந்த மணல் ஈரமாக இருக்கும் வரைதான் இறுகி நின்று எடையைச் சுமக்கும், சுற்றியுள்ள 190 மீட்டர் அகல அகழி அழகுக்கு மட்டுமானதில்லை, அடியில் நீர்மட்டம் இறங்காமல் காப்பதும் அதுதான். பக்கத்து நகரமான சியம் ரீப்பில் விடுதிகள் பெருகப் பெருக ஆழ்துளைக் கிணறுகளும் பெருகின. நீச்சல் குளம் உள்ள விடுதிதான் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள், இதை உரிமையோடு கேட்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. இந்த வளாகத்துக்குள் தலைமுறைகளாகக் கிராமங்கள் இருக்கின்றன. 2022 முதல் சுமார் 10,000 குடும்பங்களை ருன் தா ஏக் என்ற இடத்துக்கு மாற்றும் வேலை நடந்தது. விருப்பப்பட்டுத்தான் போகிறார்கள் என்கிறது அரசு, கட்டாய வெளியேற்றம் என்று 2023-இல் அறிக்கை வெளியிட்டது மனித உரிமை அமைப்பான அம்னஸ்டி இன்டர்நேஷனல். கோயிலைக் காப்பாற்ற அதன் பக்கத்தில் வாழ்ந்தவர்களை அப்புறப்படுத்துவது எனக்கு நியாயமாகப் படவில்லை. அங்கே சாப்பிடுவதையும் வாங்குவதையும் ஊர்க்காரர் கடைகளில் வைத்துக்கொள்ளுங்கள், வழிகாட்டியும் உள்ளூர்க்காரராக இருக்கட்டும்.

டிசம்பர், ஜனவரியைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். சித்திரை முதல் தேதியை ஒட்டி கெமர் புத்தாண்டு, அதாவது கம்போடியர்களின் புத்தாண்டு வரும், உள்ளூர்க் கூட்டமும் வெயிலும் சேர்ந்துகொள்ளும். ஜூலை, ஆகஸ்டில் மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான், குளங்கள் நிறைந்திருக்கும், கூட்டமும் குறைவு. பாசி படிந்த கல் வழுக்கும், நல்ல பிடிப்புள்ள செருப்பாகப் போட்டுக்கொண்டு போங்கள்.