பத்து என்ற பெயரில் பதினெட்டு

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் நடந்துவரும் இடமாற்றங்களைப் பற்றியும், தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும், விரிவாகிக்கொண்டே போகும் பிளே-ஆஃப் சுற்றைப் பற்றியும் வந்த கேள்விகளுக்கு மட்டும் இந்த இதழில் பதில் தருகிறோம். இங்கே கால்பந்து என்று குறிப்பிடுவது, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டத்தைத்தான்.

‘பிக் டென்’ என்ற அமைப்பில் பதினெட்டுப் பல்கலைக்கழகங்கள் இருப்பதாகப் படித்தேன். அச்சுப் பிழையா?
— ஒரு வாசகர், திருச்சி

அச்சுப் பிழை இல்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் சேர்ந்து ஆடுவதற்காக அமைத்துக்கொண்ட கூட்டமைப்புகளைக் கான்ஃபரன்ஸ் என்கிறார்கள். அவற்றுள் மேல் அடுக்கில் மிகப் பழையது, 1896இல் மத்திய மேற்கு மாநிலங்களில் தோன்றிய பிக் டென். 1990இல் பென்சில்வேனியாவின் பென் ஸ்டேட் பதினோராவதாக வந்து சேர்ந்தபோது, பெயரை மாற்ற மனமில்லாமல், இலச்சினையில் ‘டி’ என்ற எழுத்தின் இரு பக்கத்து வெற்றிடங்களில் 11 என்ற எண்ணை ஒளித்து வைத்தார்கள். 2011இல் நெப்ராஸ்கா, 2014இல் மேரிலாந்தும் ரட்கர்ஸும், 2024இல் மேற்குக் கரையிலிருந்து யுஎஸ்சி, யுசிஎல்ஏ, ஆரிகன், வாஷிங்டன் என்று வரிசையாக வந்துசேர, எண்ணிக்கை பதினெட்டானது.

இதைவிட வேடிக்கையான ஒரு காலமும் இருந்தது. 2011ஆம் ஆண்டுப் பருவத்தில் பிக் டென்னில் பன்னிரண்டு பல்கலைக்கழகங்களும், ‘பிக் 12’ என்ற மற்றொரு கூட்டமைப்பில் பத்துப் பல்கலைக்கழகங்களும் இருந்தன. பெயர்ப் பலகைகளை மாற்றி மாட்டிக்கொண்டிருந்தாலே கணக்குச் சரியாகியிருக்கும்.

யார் எந்தக் கூட்டமைப்பில் இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்யும் தலைமை அமைப்பு எதுவும் கிடையாதா? நம் ஊரில் கிரிக்கெட்டுக்கு வாரியம் இருப்பது போல?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

நீங்கள் கேட்டதுதான் இந்த விவகாரத்தின் ஆணிவேர். கல்லூரி விளையாட்டுகளுக்கு என்சிஏஏ என்ற தேசிய அமைப்பு உண்டு. கூடைப்பந்து, நீச்சல், தடகளம் என எல்லாவற்றிலும் அதுவே தேசிய சாம்பியன் போட்டியை நடத்துகிறது. ஆனால் கால்பந்தின் மேல் அடுக்கில் மட்டும் அது சாம்பியன் பட்டம் வழங்குவதில்லை. அந்தப் போட்டியைக் கூட்டமைப்புகளே கூடி நடத்துகின்றன. ஆட்டத்தின் நலனுக்காக ஒரு கூட்டமைப்பைப் பார்த்து ‘போதும், நிறுத்து’ என்று சொல்லும் அதிகாரம் இங்கே எவரிடமும் இல்லை.

எப்போதுமே இப்படி இருந்ததில்லை. 1984 வரை தொலைக்காட்சி உரிமை என்சிஏஏவின் கைப்பிடியில்தான் இருந்தது. அப்போதைய திட்டப்படி ஓர் அணி இரண்டு ஆண்டுகளில் ஆறு முறைக்கு மேல் தொலைக்காட்சியில் தோன்ற முடியாது. ஓக்லஹோமா, ஜார்ஜியா ஆகிய இரண்டும் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தன. தீர்ப்பில் ஓர் எடுத்துக்காட்டு வருகிறது: 1981இல் ஒரு சனிக்கிழமை ஓக்லஹோமாவும் யுஎஸ்சியும் மோதிய ஆட்டத்தை இருநூறுக்கும் மேற்பட்ட நிலையங்கள் ஒளிபரப்பின; சிட்டடெலும் அப்பலாச்சியன் ஸ்டேட்டும் ஆடியதை ஒளிபரப்பியவை நான்கே நிலையங்கள். ஆனால் நான்கு அணிகளுக்கும் கிடைத்த தொகை ஒன்றே. சிறிய கல்லூரிகளுக்கு இது நியாயமாகப் பட்டிருக்கும். ஓக்லஹோமாவுக்கு எப்படிப் பட்டிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் என்சிஏஏவின் திட்டம் போட்டித் தடைச் சட்டத்தை மீறுவதாகத் தீர்ப்பளித்தது. மாறுபட்ட தீர்ப்பை எழுதிய நீதிபதி பைரன் வைட், கொலராடோ பல்கலைக்கழகத்துக்காக ஆடிப் புகழ்பெற்ற முன்னாள் கால்பந்து வீரர். அந்த ஆட்டத்தை உள்ளிருந்து அறிந்த மனிதர்தான் சிறுபான்மையில் நின்றார்.

சட்டத்தின்படி தீர்ப்பு சரியானதே என்பது என் கருத்து. ஆனால் பழைய காவலரை அகற்றிய பிறகு அந்த இடத்தில் வேறு எவரையும் நிறுத்தவில்லை. உரிமை முதலில் பல்கலைக்கழகங்களிடமும், பிறகு அவற்றின் கூட்டமைப்புகளிடமும் சென்றது. எந்தக் கூட்டமைப்பில் பெயர்பெற்ற அணிகள் அதிகமோ, அதற்குத் தொலைக்காட்சி நிறுவனங்கள் கூடுதல் விலை கொடுத்தன. விலை கூடியதும் அந்தக் கூட்டமைப்பு பக்கத்து வீட்டு அணிகளை அழைத்தது. 2023இல் தொடங்கிய பிக் டென்னின் ஏழாண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு 700 கோடி டாலருக்கு மேல் என்று சொல்லப்படுகிறது.

நூறாண்டுகளுக்கு மேல் நிலைத்த ஒரு கூட்டமைப்பு ஒரே நாளில் சரிந்தது என்கிறார்களே, உண்மையா?
— ஒரு வாசகர், சென்னை

சரிவு ஓராண்டாக நடந்துகொண்டிருந்தது. கூரை விழுந்தது ஒரே நாளில். 1915இல் போர்ட்லண்ட் நகரில் தொடங்கிய மரபின் வாரிசான பேக்-12, பசிபிக் கரையோர மாநிலங்களின் கூட்டமைப்பு. 2022 ஜூன் 30 அன்று லாஸ் ஏஞ்சலஸ் நகரின் இரு பெரும் பல்கலைக்கழகங்களான யுஎஸ்சியும் யுசிஎல்ஏவும் பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தன. லாஸ் ஏஞ்சலஸ் சந்தை இல்லாத பேக்-12க்கு யார் நல்ல விலை தருவார்கள்? புதிய ஒப்பந்தப் பேச்சு ஓராண்டுக்கு மேல் இழுத்தது. கடைசியில் கையில் இருந்தது ஆப்பிள் நிறுவனம் முன்வைத்த ஸ்ட்ரீமிங் திட்டம். அதில் வருமானத்தின் கணிசமான பகுதி சந்தாதாரர்கள் எத்தனை பேர் சேர்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அமையும். உறுதியான பணத்தை விட்டுவிட்டு அதை நம்பப் பலருக்குத் துணிவில்லை. 2023 ஜூலை இறுதியில் கொலராடோ விலகியது. ஆகஸ்ட் 4, வெள்ளிக்கிழமை, வாஷிங்டனும் ஆரிகனும் பிக் டென்னுக்கும், அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா ஆகிய மூன்றும் பிக் 12க்கும் புறப்பட்டன. காலையில் ஒன்பது பேர் இருந்த வீட்டில் இரவு நால்வர்.

அந்த நால்வரில் ஸ்டான்ஃபர்டும் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியாவும் அடுத்த மாதம் ஏசிசியில் அடைக்கலம் புகுந்தன. அட்லாண்டிக் கடற்கரை என்று பெயரிலேயே எழுதி வைத்திருக்கும் கூட்டமைப்பு அது. பசிபிக் கரையிலிருந்து போன இந்த இருவருக்கும் வருமானத்தில் முழுப் பங்குகூட அங்கே கிடையாது. மிஞ்சியவை ஆரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும். அவை நீதிமன்றத்துக்குப் போய், விலகியவர்களுக்கு இனி நிர்வாகக் குழுவில் வாக்கில்லை என்ற தீர்ப்பைப் பெற்று, பெயரையும் சொத்துகளையும் காப்பாற்றிக்கொண்டன. பிறகு பாய்சி ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட் போன்றவற்றைச் சேர்த்து 2026இல் அதே பெயரில் மறுபிறவி எடுப்பதற்கு ஏற்பாடு செய்தன.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆட்டத்தின் தரத்தால் அந்தக் கூட்டமைப்பு வீழவில்லை. 2023 டிசம்பர் 1 அன்று லாஸ் வேகஸில் நடந்த இறுதிப் போட்டியில் வாஷிங்டன் 34-31 என்று ஆரிகனை வென்றது; தோல்வியே காணாத அந்த வாஷிங்டன் அணி தேசிய இறுதி ஆட்டம் வரை சென்றது. அன்று களத்தில் நின்ற இரு அணிகளுமே வீட்டைக் காலி செய்ய மூட்டை கட்டியிருந்தவை.

என் மகளின் விடுதித் தோழி அவர்கள் பல்கலைக்கழகத்தின் வாலிபால் அணியில் இருக்கிறாள். கூட்டமைப்பு மாறிய பிறகு பாதி நாள் விமானத்திலேயே கழிகிறது என்றும், தேர்வுகளை விமான நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறாள் என்றும் மகள் சொல்கிறாள். கால்பந்துக்காக மற்ற பிள்ளைகள் ஏன் அலைய வேண்டும்?
— ஒரு வாசகி, நியூஜெர்சி

உங்கள் கேள்வியில் உள்ள ஆதங்கம் முற்றிலும் நியாயமானது. இதற்கு நல்ல பதில் எவரிடமும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. கால்பந்து அணி வாரத்துக்கு ஒரு முறை, பெரும்பாலும் சனிக்கிழமை ஆடுகிறது. ஒரு பருவத்தில் கூட்டமைப்புக்குள் வெளியூர் ஆட்டங்கள் நான்கோ ஐந்தோதான். அந்த அணிக்குத் தனி விமானமும் உண்டு. வாலிபால் அணிக்கு வாரத்துக்கு இரண்டு ஆட்டங்கள். சாஃப்ட்பால், பேஸ்பால் அணிகளுக்கு ஒரே ஊரில் மூன்று நாள் தொடர். உங்கள் மாநிலத்து ரட்கர்ஸும் சியாட்டிலின் வாஷிங்டனும் இப்போது ஒரே கூட்டமைப்பு. சியாட்டிலில் மாலை ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம், ரட்கர்ஸ் மாணவியின் உடல் கடிகாரத்தில் இரவு பத்து மணி. ஆட்டம் முடிந்து, குளித்து, விமானம் ஏறி, மறுநாள் வகுப்புக்கு வந்து சேர வேண்டும்.

கால்பந்துக்கு மட்டும் தனிக் கூட்டமைப்பு, பிற விளையாட்டுகளுக்குப் பழையபடி வட்டார அமைப்பு என்று பிரிக்கலாம் என்ற யோசனையைப் பலரும் சொல்லி வருகிறார்கள். சரியான யோசனை என்றே நானும் நினைக்கிறேன்.

இந்த இடமாற்றத்தின் விலையை ஓர் அரசுப் பல்கலைக்கழக நிர்வாகமே எண்ணிக் காட்டியிருப்பதும் குறிப்பிடத்தக்கது. யுசிஎல்ஏவும் பெர்க்லியும் ஒரே கலிஃபோர்னியப் பல்கலைக்கழக அமைப்பின் கிளைகள். ஒன்று பணக்காரக் கூட்டமைப்புக்குப் போனதால் மற்றொன்று நஷ்டப்பட்டது என்று கருதிய ஆட்சிமன்றம், யுசிஎல்ஏ ஆண்டுக்கு ஒரு கோடி டாலர் பெர்க்லிக்குக் கொடுக்க வேண்டும் என்று 2024இல் தீர்மானித்தது. ஊர்க்காரர்கள் இதற்குக் ‘கேலிமனி’ என்று, ஜீவனாம்சத்தைக் குறிக்கும் ‘அலிமனி’ என்ற சொல்லை வைத்துப் பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

வீரர்களுக்கு இதில் ஏதாவது கிடைக்கிறதா?
— ஒரு வாசகர், ஈரோடு

இப்போது கிடைக்கிறது. 2021 ஜூலை முதல் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரங்களுக்குப் பயன்படுத்திச் சம்பாதிக்கலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரசத்தின்படி ஒரு பல்கலைக்கழகம் தன் வீரர்களுக்கு நேரடியாக, முதலாண்டில் சுமார் 2.05 கோடி டாலர் வரை பகிர்ந்தளிக்கலாம். அந்தச் செலவைச் சமாளிக்க மேலும் வருமானம் வேண்டும் என்பது இப்போது புதிய வாதமாகியிருக்கிறது.

நான்கு அணி பிளே-ஆஃப் ஏன் பன்னிரண்டானது? இனி எங்கே போய் நிற்கும்?
— ஒரு வாசகி, மதுரை

2014 முதல் 2023 வரை பதின்மூன்று பேர் கொண்ட தேர்வுக் குழு நான்கு அணிகளைத் தேர்ந்தெடுத்தது. பெரிய கூட்டமைப்புகள் ஐந்து, இடங்கள் நான்கு. ஒருவருக்கு ஏமாற்றம் நிச்சயம். பன்னிரண்டாக்கும் முடிவு 2022இலேயே எடுக்கப்பட்டுவிட்டது என்றாலும், அது ஏன் தேவை என்பதைப் பழைய முறையின் கடைசி ஆண்டே காட்டியது. 2023இல் ஃப்ளோரிடா ஸ்டேட் ஆடிய பதின்மூன்று ஆட்டங்களிலும் வென்று ஏசிசி பட்டத்தையும் பெற்றது. ஆனால் பந்தை வீசி அணியின் தாக்குதலை வழிநடத்தும் அதன் குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் நவம்பரில் கால் முறிந்து வெளியேறியிருந்தார். அவரில்லாத அணி பழைய அணி அன்று என்று கருதிய குழு, ஒரு தோல்வி கண்ட அலபாமாவை நான்காவது இடத்தில் வைத்தது. வெல்வதைத் தவிர வேறென்ன செய்திருக்க முடியும் என்று அந்த ஊர் மக்கள் கேட்டதற்கு இன்றுவரை மறுமொழி இல்லை. அந்த டிசம்பரிலேயே அந்தப் பல்கலைக்கழகம் தன் கூட்டமைப்பின் மீதே வழக்குத் தொடுத்தது. பட்டம் வென்றும் இடம் தராத கூட்டமைப்பில் ஏன் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அதில் கலந்திருந்தது. பிளே-ஆஃப் அநீதியும் கூட்டமைப்பு மாற்றமும் ஒன்றையொன்று தள்ளிவிடும் விதம் இதுதான்.

பன்னிரண்டு அணி முறையிலும் குறைகள் உண்டு. 2024இல் கூட்டமைப்பு சாம்பியன்கள் நால்வருக்கு முதல் சுற்று விலக்கு அளித்தார்கள்; ஓய்வெடுத்த நால்வரும் காலிறுதியில் தோற்றார்கள். மறு ஆண்டே அந்த விதி போய்விட்டது. 2025இல் ஏசிசி சாம்பியனான டியூக் தரவரிசையில் பின்தங்கியதால் வெளியே நின்றது. சிறிய கூட்டமைப்புகளின் சாம்பியன்களான டுலேனும் ஜேம்ஸ் மேடிசனும் உள்ளே வந்தன. பெரியவர்களுக்கு இது பிடிக்கவில்லை. 2026 முதல், பேக்-12 சரிந்த பின் மிஞ்சிய நான்கு பெரிய கூட்டமைப்புகளின் சாம்பியன்களுக்கும் இடம் உறுதி.

எங்கே போய் நிற்கும் என்று கேட்டீர்கள். பதினாறு போதும் என்பது தெற்கத்திய மாநிலங்களின் எஸ்இசி. இருபத்து நான்கு வேண்டும் என்பது பிக் டென். இருவரும் ஒத்துப்போகாததால் 2026க்கும் பன்னிரண்டே தொடர்கிறது. இருபத்து நான்கு என்ற எண் விசித்திரமானது அன்று. ஒரு படி கீழே உள்ள அடுக்கில் என்சிஏஏவே பல ஆண்டுகளாக இருபத்து நான்கு அணிகளை வைத்துப் போட்டி நடத்துகிறது. எண்ணிக்கையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. தனக்கு இத்தனை இடம் என்று முன்கூட்டியே ஒதுக்கிக்கொள்ளும் பேச்சுதான் கவலை தருகிறது: தனக்கும் எஸ்இசிக்கும் நான்கு நான்கு இடங்களை உறுதிசெய்ய வேண்டும் என்று பிக் டென் ஒரு கட்டத்தில் கேட்டது. 2026இலிருந்து பிளே-ஆஃப் ஒளிபரப்புக்காக ஆண்டுக்கு 130 கோடி டாலர் வீதம் ஈஎஸ்பிஎன் தொலைக்காட்சி தரும் தொகையில் அவ்விரண்டும் சேர்ந்து பாதிக்கு மேல் எடுத்துக்கொள்வதாக ஏற்கெனவே உடன்பாடு ஆகிவிட்டது. பந்தியில் முதல் வரிசையில் அமர்வது ஒன்று. மற்றவர் இலையையும் முன்பதிவு செய்துகொள்வது வேறு.

ஒரே ஓர் ஆட்டம் பார்ப்பதானால் எதைப் பார்க்கலாம்?
— ஒரு வாசகர், திருநெல்வேலி

டிசம்பரில் பல்கலைக்கழகத் திடல்களிலேயே நடக்கும் முதல் சுற்று ஆட்டங்களைப் பாருங்கள். இந்த விரிவாக்கம் தந்த உருப்படியான பரிசு அதுதான். அவற்றுள் முதலாவது 2024 டிசம்பர் 20 இரவு, உறையும் குளிரில், சவுத் பெண்ட் நகரில் நடந்தது. நமக்கு அது மறுநாள் காலை ஆறரை மணி. இண்டியானாவுக்கு எதிராகத் தங்கள் எல்லைக் கோட்டிலிருந்து இரண்டே கெஜ தூரத்தில் பந்து இருந்தபோது, நோட்டர் டேம் வீரர் ஜெரமையா லவ் அதை வாங்கிக்கொண்டு வலப்பக்க இடைவெளியில் நுழைந்து 98 கெஜம் ஓடி மறுமுனையைத் தொட்டார். ஆட்டம் 27-17 என்று முடிந்தது. தோற்ற இண்டியானா, பல தலைமுறைகளாகத் தோல்விக்கே பெயர்போன அணி. மறு பருவத்தில் ஓர் ஆட்டத்தையும் இழக்காமல் தேசிய சாம்பியன் ஆனது அந்த இண்டியானாதான்.