சிக்னலில் நின்றால் ஆஃப் ஆகும் பழைய கார்: வால்வை மாற்றுவதற்கு முன்

கேள்வி: என் பெட்ரோல் காருக்கு 17 வயது. இன்ஜின் சூடானதும் ஆர்பிஎம் முள் 500க்கும் 1,200க்கும் இடையே ஏறி இறங்குகிறது. சிக்னலில் நிற்கும்போது சில நேரம் ஆஃப் ஆகிவிடுகிறது. ஓட்டும்போது எந்தக் குறையும் இல்லை. ஐடில் வால்வை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். ஓட்டும்போது குறை இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் முக்கியமான தகவல். ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போது, காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியே இருக்கும். இன்ஜின் மிகக் கொஞ்சம் காற்றில் ஓடும், அதை அளந்து விடுவதுதான் ஐடில் வால்வின் வேலை. அப்போது விரிசல் விட்ட ஒரு ஹோஸ் வழியாகக் கணக்கில் வராமல் நுழையும் காற்று, மொத்தத்தில் பெரிய பங்காகிவிடும். ஆக்சிலேட்டரை மிதித்ததும் காற்று ஏராளமாக வரும். அந்த ஓட்டை தெரியாமலே போய்விடும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோல் கொடுப்பதால் அப்போதும் குறை மறைந்திருக்கும்.

முள் ஏறி இறங்குவதற்கும் இதே காரணம் இருக்கலாம். ஐடில் வால்வை முழுக்க மூடினாலும் ஓட்டை வழியே காற்று வருவதால் ஆர்பிஎம் கூடிவிடுகிறது. த்ராட்டில் மூடியிருக்க ஆர்பிஎம் அதிகமாக இருந்தால், வண்டி உருண்டு போகிறது என்று நினைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்துகிறது. வேகம் விழுகிறது, மறுபடி பெட்ரோல் வருகிறது, மறுபடி ஏறுகிறது. வால்வு பாவம், சொன்னதைச் செய்துகொண்டுதான் இருக்கிறது.

அதனால் முதலில் காற்று லீக்கைத் தேடுங்கள். 17 வருடச் சூட்டில் ரப்பர் காய்ந்துபோயிருக்கும். வளைவுகளின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள், மேலிருந்து பார்த்தால் விரிசல் தெரியாது. பிசிவி ஹோஸ் (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை மறுபடி காற்று வழிக்கு இழுக்கும் குழாய்), பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸ், ஏர் ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே உள்ள மடிப்புக் குழாய், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டின் கேஸ்கெட் ஆகியவைதான் வழக்கமான இடங்கள். இன்ஜின் ஓடும்போது ஹோஸ்களை ஒவ்வொன்றாக இறுக்கி மூடுங்கள். எதை மூடும்போது ஐடிலிங் சட்டென்று சீராகிறதோ, அந்தப் பக்கம்தான் லீக். ஃபேனும் பெல்ட்டும் பக்கத்திலேயே இருக்கும், கையும் துணியும் கவனம். லீக்கைத் தேடக் கார்ப் கிளீனர் ஸ்ப்ரேயை ஹோஸ்கள் மேல் அடித்துப் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. சூடான எக்ஸாஸ்ட்டில் பட்டால் தீப்பிடிக்கும், தயவுசெய்து வேண்டாம். புகையைச் செலுத்தி லீக்கைக் கண்டுபிடிக்கும் ஸ்மோக் டெஸ்ட் செய்யும் ஒர்க்‌ஷாப் கிடைத்தால் அதுவே சிறந்தது.

காரின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஸ்கேனர் இருந்தால் ஃப்யூவல் ட்ரிம் எண்களைப் பாருங்கள். கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்று காட்டும் எண்கள் அவை. ஷார்ட் டெர்ம் (உடனடித் திருத்தம்), லாங் டெர்ம் (நாள்பட்ட திருத்தம்) இரண்டும் சேர்ந்து ஐடிலிங்கில் +10 சதவீதத்துக்கு மேல் இருந்து, 2,500 ஆர்பிஎம்மில் பூஜ்யத்தை ஒட்டி வந்தால் லீக் என்பது அநேகமாக உறுதி. இரண்டு நிலையிலும் கூடுதலாகவே இருந்தால் பெட்ரோல் பிரஷரையும் காற்றை அளக்கும் சென்சாரையும் சந்தேகப்படுங்கள். ஒன்று மட்டும் கவனம்: மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்துக் கணக்குப் போடும் மேப் சென்சார் வண்டிகளில் லீக் இருந்தாலும் ட்ரிம் பெரிதாக மாறாது, ஐடிலிங் மட்டும் உயரும்.

லீக் இல்லையா? சரி, அடுத்து த்ராட்டில் பாடியையும் ஐடில் வால்வையும் அதற்குரிய கிளீனரால் சுத்தம் செய்யுங்கள். கரி படிந்தாலே வால்வு சிக்கிக்கொள்ளும். பல வண்டிகளில் அதோடு பிரச்சினை தீர்ந்துவிடும். த்ராட்டில் ஸ்டாப் ஸ்க்ரூவைத் திருப்பி ஐடிலிங்கை ஏற்றாதீர்கள். அது கம்பெனியில் வைத்த அளவு, கலைந்தால் கம்ப்யூட்டரின் கணக்கும் கலைந்துவிடும்.

ஆர்பிஎம் சீராக இருந்து வண்டி மட்டும் நடுங்கினால் அது இன்ஜின் மவுண்ட் விவகாரம். ஒரே தாளத்தில் உதறினால் ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை, பிளக்கையும் காயிலையும் பாருங்கள். உங்கள் வண்டியில் இரண்டும் இருப்பதாகத் தெரியவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் முள் ஆடினால் வால்வை மாற்றலாம். சுத்தம் செய்தாலும் மாற்றினாலும் முதல் சில நாள் ஐடிலிங் கொஞ்சம் கூடுதலாக நிற்கக்கூடும். பழைய அழுக்குக்கு ஏற்பக் கம்ப்யூட்டர் கற்றுவைத்த அளவு அது. சில வண்டிகளில் ஓட்ட ஓட்டத் தானே சரியாகும், சிலவற்றில் ஸ்கேனர் வைத்து ஐடில் ரீலேர்ன், அதாவது கம்ப்யூட்டருக்குப் புது அளவைக் கற்றுக்கொடுக்கும் வேலை, செய்ய வேண்டும். உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் அந்த முறை இருக்கும்.