பெண்கள் ரக்பியை நம்பி ஒரு வாழ்க்கை அமையுமா? போர்ஷியா உட்மன் கதையைச் சொல்கிறேன்

சர்வதேச அளவில் ரக்பி ஆடும் ஒரு பெண்ணுக்கு அதையே தொழிலாகக் கொள்ள முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும், ஆனால் அது சமீபத்தில் வந்த நிலைமை. எனக்கு மிகவும் பிடித்த வீராங்கனை நியூசிலாந்தின் போர்ஷியா உட்மன். அவரை வைத்தே சொல்கிறேன்.

1991ல் கைகோஹேயில் பிறந்தவர். அப்பா, பெரியப்பா சித்தப்பா வகையில் ஒருவர் என்று வீட்டிலேயே இரண்டு பேர் ஆல் பிளாக்ஸ் அணிக்கு, அதாவது நியூசிலாந்தின் ஆண்கள் ரக்பி அணிக்கு, ஆடியிருக்கிறார்கள். அப்படியிருந்தும் இவர் முதலில் பெரிய அளவில் ஆடியது கூடைப்பந்து மாதிரியான நெட்பால், இலங்கைத் தமிழர்கள் வலைப்பந்து என்பார்களே, அதுதான். நார்தர்ன் மிஸ்டிக்ஸ் அணியில் இருந்தார். அந்த நாட்டில் பெண்களுக்கு பேரும் ஓரளவு வருமானமும் அந்த ஆட்டத்தில்தான் இருந்தது.

ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ரக்பியை 2016 ஒலிம்பிக்கில் சேர்ப்பதாக 2009ல் முடிவானது எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. பதக்கம் என்றதும் நாடுகள் பணம் போட ஆரம்பித்தன. நியூசிலாந்து 2012ல் மற்ற விளையாட்டுகளில் இருந்த பெண்களையும் கூப்பிட்டு ஆள் தேடியது, அப்படி உள்ளே வந்தவர்தான் போர்ஷியா. மூன்றே வருடத்தில், 2015ல், உலகின் சிறந்த செவன்ஸ் வீராங்கனை விருது.

சரி, நான் இவரைக் கவனித்தது அந்த 2016 ரியோ ஒலிம்பிக் இறுதிப் போட்டியில். ஆஸ்திரேலியாவோடு ஆட்டம். பந்தை வேண்டுமென்றே தட்டிவிட்டார் என்று மஞ்சள் அட்டை காட்டி வெளியே உட்கார வைத்தார்கள். பதினைந்து பேர் ஆட்டத்தில் அது பத்து நிமிடம், செவன்ஸில் இரண்டே நிமிடம்தான், ஆனால் மொத்த ஆட்டமே அவ்வளவு சின்னது என்பதால் அந்த இரண்டு நிமிடம் கழுத்தை நெரிக்கும். அந்த இடைவெளியில் ஆஸ்திரேலியா ஒரு ட்ரை போட்டது (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதிப்பதுதான் ட்ரை). கடைசியில் இவரே ஒரு ட்ரை போட்டும் 24-17 என்று தோற்றார்கள். மைதானத்திலேயே அவர் அழுததை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

அடுத்த வருடம் பதினைந்து பேர் ஆடும் உலகக் கோப்பை. ஹாங்காங்கை 121-0 என்று வென்ற ஆட்டத்தில் இவர் ஒருவரே 8 ட்ரை, தொடர் முழுக்க 13. கோப்பையும் வந்தது, அந்த ஆண்டின் உலகச் சிறந்த வீராங்கனை விருதும் வந்தது. இவ்வளவுக்குப் பிறகும், நியூசிலாந்தில் பதினைந்து பேர் ஆட்டம் ஆடும் பெண்களுக்கு ஒப்பந்தச் சம்பளம் வந்தது 2018ல்தான், அதுவும் பகுதி நேர அளவில். உலக சாம்பியன்கள் அதுவரை வேறு வேலை பார்த்துக்கொண்டே ஆடினார்கள். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வரும்.

அப்புறம் குதிகால் தசைநார் அறுந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆட்டம் இல்லை. வேகத்தையே நம்பி விளிம்பில் ஓடும் ஒரு விங் ஆட்டக்காரருக்கு இதைவிட மோசமான காயம் இல்லை, பலர் பழைய வேகத்துக்குத் திரும்புவதே இல்லை. இவர் திரும்பி வந்து டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார், 2024ல் பாரிஸில் இன்னொரு தங்கம். உலக செவன்ஸ் தொடரில் 200 ட்ரை தொட்ட முதல் பெண்ணும் இவர்தான்.

நடுவில் 2022 உலகக் கோப்பை இறுதிப் போட்டி, ஆக்லாந்து ஈடன் பார்க்கில் நாற்பதாயிரம் பேருக்கு மேல். நம்ம ஊரில் அது சனிக்கிழமை மதியம், சாப்பாட்டை மறந்து உட்கார்ந்திருந்தேன். ஆட்டம் தொடங்கி இருபது நிமிடம்கூட ஆகவில்லை, தலையோடு தலை மோதி போர்ஷியா கீழே விழுந்தார். மோதிய இங்கிலாந்து வீராங்கனைக்குச் சிவப்பு அட்டை, இவரும் அன்று திரும்ப ஆடவில்லை. தொடர்ந்து 30 ஆட்டங்கள் வென்று வந்த இங்கிலாந்தை நியூசிலாந்து 34-31 என்று தோற்கடித்தது. அந்தத் தொடரோடு உலகக் கோப்பைகளில் அவர் போட்ட ட்ரைகள் மொத்தம் 20, அதற்கு முன் எந்தப் பெண்ணும் அத்தனை போட்டதில்லை. அடுத்த மாதமே, அதே அணியில் ஆடிய ரெனே விக்லிஃபைத் திருமணம் செய்துகொண்டார், இப்போது பெயர் போர்ஷியா உட்மன்-விக்லிஃப்.

பாரிஸோடு சர்வதேச ஆட்டம் போதும் என்றவர், மனசு கேட்காமல் 2025ல் திரும்பி வந்து, 34 வயதில் இங்கிலாந்தில் நடந்த உலகக் கோப்பையிலும் ஆடினார். அரையிறுதியில் கனடாவிடம் தோற்றார்கள், பிரான்ஸை வென்று மூன்றாம் இடம்.