அமெரிக்காவில் அசைலம் (அகதித் தஞ்சம்) வழக்கு வருடக்கணக்கில் இழுபட்டால், வழக்கு பலவீனம் என்று அர்த்தமா?

இல்லை. உங்கள் கணவரோ தம்பியோ அங்கே தவணை தவணையாக அலைகிறார் என்று நினைக்கிறேன். என் மச்சானும் (அக்காவின் கணவர்) அப்படி அலைந்தவர்தான். அக்காவும் பிள்ளையும் கிளிநொச்சியில் காத்திருந்தார்கள். நான் சட்டத்தரணி இல்லை, பக்கத்தில் இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

அவருடைய முழு விசாரணை 2019 ஜனவரியில் இருந்தது. அந்த நேரம் பார்த்து எல்லைச் சுவருக்குக் காசு ஒதுக்குவதில் டிரம்புக்கும் காங்கிரசுக்கும் இழுபறி. அரசாங்கம் 35 நாள் மூடிக் கிடந்தது. தடுப்பில் இல்லாதவர்களின் வழக்குகளைத் தள்ளிப் போட்டார்கள். அடுத்த தவணை 2020 ஏப்ரல். அதைக் கொரோனா கொண்டுபோனது. கடைசியில் 2022இல்தான் நீதிபதி முன்னால் வாய் திறந்தார். இதில் வழக்கின் பலவீனம் எங்கே வந்தது?

ஆனால் இழுபட இழுபட நல்ல வழக்கும் தேய்ந்துபோகும். முதல் தவணை நேரத்தில் கொழும்பில் மைத்திரி ஆட்சி, பிறகு கோட்டாபய வந்தார். அதனால் லோயர் நாட்டு நிலவர அறிக்கைகளைப் புதிதாக அடுக்கினார், அதற்குத் தனிக் காசு. அதுகூடப் பரவாயில்லை. ஊரில் மச்சானைத் தடுப்பில் இருந்து வெளியே எடுக்க அலைந்த பாதர், போனில் சாட்சி சொல்வதாக இருந்தார். இடையில் இறந்துபோனார். மிஞ்சியது ஒரு பக்கக் கடிதம். அதில் இருந்த மாதமும் மச்சான் சொன்ன மாதமும் ஒத்துவரவில்லை என்று அரசு வக்கீல் அதையே பிடித்துக்கொண்டு நின்றார். பாதர் இருந்திருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும். நல்லகாலம், நீதிபதி கடைசியில் நம்பினார்.

'பொய்க் கேஸ்களால்தான் நெரிசல்' என்று இங்கே ஒருவர் கட்டாயம் எழுதுவார். பொய்க் கேஸே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் 2023 முடியும்போது குடிவரவுக் கோர்ட்டுகளில் தேங்கிய வழக்குகள் 30 இலட்சத்துக்கு மேல், நீதிபதிகள் சுமார் 700 பேர். அவர்களும் நீதித்துறை அமைச்சின் கீழ் வேலை செய்கிறவர்கள். அந்த அமைச்சின் தலைவரான அட்டர்னி ஜெனரல் மாறினால் விதியும் மாறலாம். 2025இல் பல நீதிபதிகளை வேலையை விட்டே தூக்கினார்கள். வசதியில்லாதவருக்கு அரசு லோயர் வைத்துக் கொடுப்பதும் இல்லை. பொய்யா மெய்யா என்று சீக்கிரம் பார்த்துச் சொல்லவும் ஆள் வேண்டுமே!

இதற்குள் கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் சொந்தங்கள் வேறு, 'இன்னும் கிடைக்கேல்லையோ?' என்று கல்யாண வீட்டில் எல்லோர் முன்னாலும் கேட்பார்கள். அவர்கள் வீடு வாங்கும்போது அக்காவின் சீட்டுக் காசை வாங்கிப் போனவர்கள்தான். அது இன்னும் திரும்பவில்லை. சரி, அதை விடுங்கள்.

உங்கள் ஆளிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். தவணையைத் தள்ளிவைக்கச் சொல்லி அவரோ அவருடைய லோயரோ கேட்டார்களா? கேட்டிருந்தால், வேலை அனுமதி கிடைக்க எண்ணுகிற நாள் கணக்கு நின்றுவிடும். அப்புறம், வீடு மாறினால் 5 நாளுக்குள் கோர்ட்டுக்கு முகவரி கொடுத்தாரா? பழைய முகவரிக்குக் கடிதம் போய், தவணைக்கு ஆள் வராவிட்டால், அவர் இல்லாமலே நாடுகடத்தும் உத்தரவு போட்டுவிடுவார்கள்.