மூன்று தடவை சுடவைத்த காப்பி

கேள்வி: அன்புள்ள ஆச்சி, எனக்கு வயது 36. கானாடுகாத்தான் பக்கம் எங்கள் பூர்வீக வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள், ஆத்தாவுடன் இருக்கிறேன். காரைக்குடியில் கடை வைத்திருக்கிறேன். 11 ஆண்டுகளாக ஒருநாளும் ஒன்பது மணிக்குப் பிந்தித் திறந்ததில்லை. ஆனால் சொந்த வாழ்க்கையில் ஒழுங்கே இல்லை. ஒவ்வொரு தை பிறக்கும்போதும் புதுக் குறிப்பேடு வாங்கி, ஐந்து மணிக்கு எழுவது, நடைப்பயிற்சி, வாசிப்பு, சேமிப்பு என்று இலக்குகளை எழுதுகிறேன். ஏழு குறிப்பேடுகள் ஆகிவிட்டன; ஒன்றும் மாசியைத் தாண்டவில்லை. முகப்பை ஒட்டிய அறையில் படுத்திருக்கும் என்னை, ஆத்தா மூன்று தடவை காப்பியைச் சுடவைத்துக் கொண்டுவந்துதான் எழுப்ப வேண்டியிருக்கிறது. 21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்கிறார்கள். என்னால் ஒன்பது நாளைத் தாண்ட முடியவில்லை. என் மனப்போக்கை எப்படி மாற்றிக்கொள்வது?

பதில்: தம்பி, உங்கள் மனப்போக்கு இருக்கட்டும். அந்தக் காப்பியைப் பற்றிப் பேசுவோம்.

செட்டிநாட்டு வீட்டின் நீளம் எனக்குத் தெரியும். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் திறக்கிற வீடுகள் அவை. பின்கட்டில் இருக்கிற அடுப்படியிலிருந்து கிளம்பி, இரண்டாம் கட்டைக் கடந்து, நடுமுற்றமான வளவைச் சுற்றி, ஒவ்வொரு நிலைப்படியிலும் காலைத் தூக்கி வைத்து உங்கள் அறைக்கு வருகிற அந்த அம்மாள், நீங்கள் புரண்டு படுத்ததும் ஆறிப்போன காப்பியை எடுத்துக்கொண்டு அதே வழியில் திரும்பிப் போகிறார். இப்படி ஒரு காலையில் மூன்று தடவை. குறிப்பேட்டில் நீங்கள் எழுதிவைத்த நடைப்பயிற்சியை ஏழு ஆண்டுகளாக அவர்தான் செய்துவருகிறார். உங்கள் வயதை எழுதினீர்கள், கடையின் வயதை எழுதினீர்கள், குறிப்பேடுகளைக்கூட எண்ணி எழுதினீர்கள். ஆத்தாவின் வயதை எழுதவில்லை. எனக்குக் கோபம் வந்தது அந்த இடத்தில்தான்.

உங்களிடம் ஒழுங்கு இல்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். 11 ஆண்டுகள் ஒன்பது மணிக்குக் கடை திறந்தவருக்கு ஒழுங்கு எப்படி இல்லாமல் போகும்? அங்கே கதவுக்கு வெளியே வேலையாட்கள் நிற்கிறார்கள், வாடிக்கையாளர் வருகிறார். நீங்கள் பிந்தினால் அவர்களுக்கு ஏதோ ஒன்று குறையும். ஐந்து மணிக்கு நீங்கள் எழாவிட்டால் யாருக்கு என்ன குறைகிறது? ஒருவருக்கும் ஒன்றுமில்லை. உங்கள் இலக்குகள் எல்லாம் உங்களுக்காக மட்டுமே எழுதப்பட்டவை. அவற்றுக்காகக் காத்திருப்பவர் யாரும் இல்லாததால் நீங்களும் அவற்றைக் காக்கவைத்துவிட்டீர்கள்.

நம் பக்கத்தில் கல்யாணமான மகனை ‘வேறு வைப்பது’ என்று ஒரு வழக்கம் உண்டு. வீடு ஒன்றுதான், ஆனால் புதுத் தம்பதிக்குத் தனி அறை, தனி அடுப்பு, தனிக் கணக்கு. வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டு, பெற்ற தாயே இப்படிப் பிரித்து வைப்பாளா என்று என்னிடம் வருத்தப்பட்டிருக்கிறார்கள். எனக்கு அதில் கொடுமை எதுவும் தெரியவில்லை. தன் அடுப்பில் என்ன எரிகிறது என்று ஒருவன் தானே பார்த்துக்கொள்ளவேண்டும் என்ற பெரிய அக்கறைதான் தெரிகிறது. கல்யாணமான பிறகுதான் கோவிலிலும் அவன் ஒரு புள்ளியாக, அதாவது தனிக் குடும்பமாக, கணக்கில் வருகிறான். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் பெட்டியடிப் பையனாக, அதாவது வட்டிக்கடை எடுபிடியாக, போன சிறுவர்கள், பல வட்டிக்கடைகளின் பெட்டிகள் வரிசையாக இருந்த கிட்டங்கி என்ற பொதுக் கட்டடத்தில் பெரியவர்களுக்கு முன்னால் எழுந்து, கூட்டிப் பெருக்கி, சொன்ன வேலையைச் செய்துகொண்டேதான் கணக்கும் கற்றார்கள். அந்தப் பிள்ளைகளை எழுப்பக் காப்பியோடு யாரும் வரவில்லை. அவர்களுக்குப் பின்னால் வந்த நீங்கள், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பச்சி ஆன பிறகும் ஆத்தாவின் கால்களை நம்பித்தான் விடியலைப் பார்க்கிறீர்கள்.

21 நாள் என்பதை விட்டுவிடுங்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 96 பேரை 12 வாரங்கள் கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கிற அளவுக்குப் பழக ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகும் என்ற கணக்கு வந்தது. நடுவாக 66 நாள். இடையில் ஒருநாள் விட்டுப்போனதால் பெரிய கேடு வரவில்லை என்பதையும் அவர்கள் கண்டார்கள். பத்தாம் நாள் தவறியதும் குறிப்பேட்டையே மூடிவைத்தீர்களே, அதற்கு அவசியமே இருக்கவில்லை. அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்கள் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு செயல். அதையும் காலை உணவுக்குப் பின் என்பதுபோல அன்றாடம் நடக்கிற ஒன்றோடு சேர்த்துக்கொண்டார்கள். நீங்கள் நான்கை ஒரே நாளில் தொடங்கினீர்கள்.

ஆகவே நடையும் வாசிப்பும் சேமிப்பும் சித்திரைவரை காத்திருக்கட்டும். ஒரே ஒரு வேலை தருகிறேன். இரவு படுக்கப் போகுமுன் பில்டரில் பொடியைப் போட்டு டிகாஷன் இறக்கி வையுங்கள். கைபேசியை அறைக்கு வெளியே, மணி காதில் விழுகிற தூரத்தில் வைத்துவிட்டுப் படுங்கள். மணியடித்தால் அங்கே போய்த்தான் அணைக்கவேண்டும். ஆத்தாவை இன்னும் ஒரு மணி நேரம் படுத்திருக்கச் சொல்லுங்கள். ஐந்து மணிக்குப் பாலைக் காய்ச்சி, காப்பி கலந்து, அவர் இருக்கிற இடத்துக்கு நீங்கள் கொண்டுபோய்க் கொடுங்கள்.

அவர் தடுப்பார். ஆண்பிள்ளை அடுப்படியில் நிற்பதா என்பார். பழகிய கை சும்மா இருக்காது என்பார். உங்களுக்கு முன்னால் எழுந்துவந்து பாலை அடுப்பில் ஏற்றியும் விடுவார். முதல் வாரம் அப்படித்தான் இருக்கும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் சொல்லைக் கேட்காதீர்கள். மனைவியிடமும் இந்த வேலையை நகர்த்திவிடக்கூடாது. அப்படிச் செய்தால் நான் சொன்னது உங்களுக்குப் புரியவில்லை என்றே எடுத்துக்கொள்வேன்.

உங்கள் ஆத்தாவின் காப்பிக்குச் சீனி எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் இன்று இரவே கேட்டுக்கொள்ளுங்கள். நாளை விடியற்காலையில் அதைக் கேட்பதற்காக அவரை எழுப்ப வேண்டாம்.