காலையில், ஆறிய இன்ஜினோடு பாருங்கள்

கேள்வி: பத்து வருடம் ஓடிய பெட்ரோல் கார் ஒன்று பார்த்திருக்கிறேன். நான்கு சிலிண்டர், 1,598 சிசி, 6,000 ஆர்பிஎம்மில் 120 குதிரைத்திறன், 4,000 ஆர்பிஎம்மில் 155 நியூட்டன் மீட்டர் டார்க். ஓட்டிப் பார்த்ததில் குறை தெரியவில்லை. வாங்கலாமா?

பதில்: நீங்கள் சொன்ன எண்களெல்லாம் வண்டி புதிதாக இருந்தபோது எடுத்தவை. பத்து வருடத்துக்குப் பிறகு அதில் எவ்வளவு மிச்சம் என்று அந்த எண்கள் சொல்லாது. போதாததற்கு, ஊருக்குள் நீங்கள் பெரும்பாலும் ஓட்டப்போவது 1,500 முதல் 2,500 ஆர்பிஎம்மில்தான். அந்த 120-ஐ எட்டிப் பார்க்கவே வாய்ப்பு வராது.

ஓட்டிப் பார்த்தீர்கள் சரி, இன்ஜின் அப்போது சூடாக இருந்ததா? விற்பவர்கள் சிலர் நாம் போவதற்குள் வண்டியை ஒரு சுற்று ஓட்டி வைத்துவிடுவார்கள். முதலில் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லிவிடுங்கள்.

ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் சங்கிலி உரசுவதுபோல் கடகடவென்று சத்தம் வந்தால், வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் செயினோ, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரோ தேய்ந்திருக்கலாம். செயினுக்குப் பதில் பெல்ட் இருந்தால் சத்தமே வராது, அதுதான் ஆபத்து. பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். மாற்றியதற்கு பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

அப்புறம் புகை. குளிரில் சிறிது நேரம் வரும் வெள்ளைப் புகை வெறும் நீராவி. இன்ஜின் சூடேறிய பிறகும் அது நிற்காமல், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டும் குறைந்துகொண்டே போனால், சிலிண்டர்களுக்கும் அவற்றை மேலே மூடும் ஹெட்டுக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயிலைக் குடிக்கிறது. அப்படியிருந்தால் ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன், அதாவது அழுத்தம், பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் மிகக் குறைவாகக் காட்டினால், அதில் சிறிது ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு அல்லது கேஸ்கெட். எதுவானாலும் ஹெட்டைக் கழற்றும் செலவு வரும். நானாக இருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுவேன்.

கேள்வி: சிக்னலில் நிற்கும்போது கார் நடுங்குகிறது. ஸ்கேனரில் பி0302 என்ற பிழைக் குறியீடு வந்தது. ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் நான்கையும் மாற்றச் சொல்கிறார்கள். தேவையா?

பதில்: அவசரப்படாதீர்கள். கடைசி 2 என்பது இரண்டாவது சிலிண்டர் மிஸ் ஆகிறது, அதாவது அதில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்பதைத்தான் குறிக்கிறது. நான்கில் ஒன்று வேலை செய்யாவிட்டால் நடுங்கத்தான் செய்யும். இரண்டாவதன் காயிலையும் மூன்றாவதன் காயிலையும் இடம் மாற்றிப் போட்டு, பழைய பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டச் சொல்லுங்கள். பி0303 என்று வந்தால் கெட்டது அந்த ஒரு காயில்தான். பி0302-வே மறுபடி வந்தால் ஸ்பார்க் பிளக்கையும் அதேபோல் இடம் மாற்றிப் பாருங்கள், அதற்கப்புறம் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர். செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் மட்டும் ஓட்டாதீர்கள்: எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சூடாக்கிக் கெடுத்துவிடும். அது காயிலைவிடப் பல மடங்கு விலை.